ஆத்துப் பக்கமா, ஹைவே பக்கமா?

கோபிநாத் அந்தச் சாலையில் திரும்பியபோது வெயில் இறங்கி, பாலாற்று மணல் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. வாணியம்பாடியிலிருந்து ஆம்பூருக்கு வர ஹைவேதான் சுலபம். ஆனால் ஹைவேயில் அவன் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியின் வேன்கள் ஓடும். அவற்றின் கண்ணில் படக்கூடாது என்றுதான் ஆற்றோரமாக வந்தான். அப்பாவை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும் என்று லீவு சொல்லிவிட்டு, வாணியம்பாடியில் வேறொரு கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தான். விஷயம் மேனேஜர் நயீம் அகமதுவின் காதுக்குப் போனால் இருக்கிற வேலைக்கும் வேட்டுதான்.

சாலையின் ஒரு பக்கம் சீமைக் கருவேலம் புதர். மறு பக்கம், மூடிப் பல வருஷமான, தோல் பதனிடும் டேனரியின் நீளமான மதில். உள்ளே தோல் ஊறி எத்தனையோ காலம் ஆகியும் அந்த வாடை மட்டும் போகவில்லை. சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் வாடை. ஆம்பூர்க்காரன் மூக்குக்கு அது எப்போதும் உறைக்காது. அன்றைக்கு உறைத்தது.

புதருக்குள் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பைக்கை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். சாலைக்குக் கீழே பள்ளத்தில் ஒரு ஸ்கூட்டி சாய்ந்து கிடந்தது. அதன் முகப்பு விளக்குதான் முள்ளுக்கு நடுவே மஞ்சளாக எரிந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு பெண். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். ஷூ கம்பெனிகளின் தையல் பிரிவில் பெண்கள் போடும் நீலக் கோட்டை இன்னும் கழற்றவில்லை. தலைமுடி ஒரு பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது. கண்கள் திறந்திருந்தன.

"லாரிக்காரன் இடிச்சிட்டுப் போய்ட்டான் தம்பி," என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "காலு அசைய மாட்டேங்குது. நூத்தியெட்டுக்குப் போடுங்க."

போட்டான். உடனே எடுத்தார்கள்.

"வணக்கம், நூத்தியெட்டு அவசர உதவி. சொல்லுங்க சார், என்ன ஆச்சு?"

"ஆக்சிடென்ட்டு. ஒரு லேடி. தலைல அடி."

"எந்த இடம் சார்?"

"ஆம்பூர். பெரிய கேட் டேனரி. மூடிக் கெடக்குதே, அது பக்கத்துல."

எதிர்முனையில் தட்டச்சு செய்யும் ஓசை கேட்டது. "பெரிய கேட் டேனரின்னு ரெண்டு இருக்குது சார். ஆத்துப் பக்கமா, ஹைவே பக்கமா? உங்க பேரும் சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்துச் சாலை வளைவில் ஒரு வண்டியின் உறுமல் கேட்டது. கம்பெனி வேன் என்றே கோபிநாத்துக்குத் தோன்றியது. பேர், சாட்சி, ஸ்டேஷன், கோர்ட்டு, பேப்பரில் இடம், நேரம், எல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடின. வேலூரில் இருக்கவேண்டியவன் இந்த ரோட்டில் என்ன பண்ணினாய் என்று நயீம் அகமது கேட்பது போலிருந்தது.

கட் பண்ணினான்.

வண்டி வரவில்லை. அது மணல்மேட்டுப் பக்கம் திரும்பிய ஒரு டிராக்டர்.

"சொல்லிட்டீங்களா தம்பி?" என்று அவள் கேட்டாள்.

"சொல்லிட்டேன்க்கா. வந்துட்டே இருக்காங்க."

அவள் முகம் தளர்ந்தது. நெற்றிச் சுருக்கம் போய், தூங்கப்போகிற குழந்தையைப் போலக் கண்ணை மூடிக்கொண்டாள். பின்னால் அவனை அதிகம் வதைத்தது ரத்தம் இல்லை, அவளுடைய இந்த நிம்மதிதான்.

பைக்கில் ஏறும்போது போன் அடித்தது. நூத்தியெட்டிலிருந்துதான். அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. ரெண்டு இடத்திலும் போய்ப் பார்ப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டான்.

மறுநாள் மதியம் கேன்டீனில் அவன் டிபன் பாக்ஸைத் திறந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த கிறிஸ்டினா அந்தப் பேச்சை எடுத்தாள். அவளும் அவனைப் போலவே சாம்பிள் பிரிவுதான்.

"பங்கஜம்னு பேரு கோபி. பக்கத்துக் கம்பெனில ஷூ அப்பர் தைக்கறவங்க. ஆத்தோரம் அடிபட்டு ராவெல்லாம் கெடந்திருக்காங்க. ஆடு ஓட்டிட்டுப் போனவங்க காலைல பாத்திருக்காங்க. உசுரு போய் ரொம்ப நேரம் ஆய்டுச்சாம்."

"ஆம்புலன்ஸ் வரலையா?" என்று கேட்டான். கேட்ட குரல் அவனுடையது போலவே இல்லை.

"வந்துது. ஹைவே கேட்டாண்ட நின்னு தேடியிருக்காங்க. எவனோ போன் பண்ணி இடத்தச் சரியா சொல்லாம ஆஃப் பண்ணி வெச்சுட்டானாம். எத்தனை தடவை போட்டும் எடுக்கல. வேற கேஸ் வந்து, அவங்களும் கெளம்பிட்டாங்க. உடனே கொண்டாந்திருந்தா பொழச்சிருப்பாங்கன்னு டாக்டர் சொன்னாராம். ஒரே பொண்ணு. காலேஜ் படிக்குது." கிறிஸ்டினா சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள். "அவனுக்கெல்லாம் சோறு எப்படித்தான் எறங்குதோ."

கோபிநாத் கையில் எடுத்த கவளத்தைப் பார்த்தான். கிறிஸ்டினா பார்க்கிறாள் என்பதற்காக அதை விழுங்கினான்.

அந்த சிம் அவனிடம் அப்போது இல்லை. முந்தின இரவே உடைத்துச் சாக்கடையில் போட்டிருந்தான். போன் தொலைந்துவிட்டது என்று மனைவி கவிப்ரியாவிடம் சொல்லி, புதுப் போனும் புது நம்பரும் வாங்கிக்கொண்டான். போலீஸ் வருமென்று வெகுநாள் பயந்தான். யாரும் வரவில்லை. அவர்கள் அந்த லாரியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வாணியம்பாடி வேலையும் கிடைக்கவில்லை.

ஆடி மாதம் காற்று கிளம்பியது. ஒருநாள் மதியம் கம்பெனியில் சாம்பிள் ஷூ ஒன்றைக் கையில் வைத்துத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"சார், நூத்தியெட்டு வண்டியிலருந்து நவீன்குமார் பேசுறேன். நீங்க சொன்ன எடத்துக்கு வந்துட்டோம். ஆத்துப் பக்கம், பெரிய கேட்டாண்ட நிக்கிறோம். யாரையும் காணோமே சார்?"

கோபிநாத்தின் கையிலிருந்த ஷூ மேஜையில் விழுந்தது.

"நான் போன் பண்ணலையே."

"இந்த நம்பர்லருந்துதான் சார் கால் வந்துது. ஒரு அம்மா பேசியிருக்காங்க."

போனில் பார்த்தான். காலையிலிருந்து வெளியே போன அழைப்பு ஒன்றுகூட இல்லை. ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு என்று நினைத்துக்கொண்டான். அப்படித்தான் நினைக்கவேண்டும் என்று முயன்றான்.

அடுத்த முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். டீவிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்த போனைக் கவிப்ரியா எடுத்தாள்.

"ஏங்க, ஆம்புலன்ஸாம். எங்க நிக்கணும்னு கேக்கறாங்க."

அப்பா ரத்தினசாமி சாய்வு நாற்காலியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். "யாருக்கு இன்னா ஆச்சுடா?"

"ராங் நம்பர்பா," என்று சொல்லிப் போனை வாங்கி அணைத்தான். அணைத்த போனை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினான். மறுநாள் காலை அதை உயிர்ப்பித்ததும் குறுஞ்செய்தி ஒன்று வந்தது. அவசர உதவியை அழைத்ததற்கு நன்றி என்று இருந்தது. அழைத்ததாகச் சொன்ன நேரத்தில் போன் பூட்டிய டிராயருக்குள் அணைந்து கிடந்தது.

அந்த வாரமே ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள்.

காலை நேரம். செல்போன் தொலைந்துபோனதற்குப் புகார் எழுதிக்கொண்டு ஒரு அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஹெட் கான்ஸ்டபிள் வாஹித் பாஷா தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொல்லி, மரியாதையாகத்தான் பேசினார்.

"இன்னா சார், படிச்சவரு மாதிரி இருக்கீங்க. நூத்தியெட்டுக்குச் சும்மா சும்மா போன் பண்றது வெளயாட்டா? வண்டி வெத்தா ஒரு எடத்துக்குப் போற நேரத்துல, நெசமா அடிபட்டவன் எங்கியாச்சும் கெடப்பான். வழி பாத்துட்டே கெடப்பான்."

"நான் பண்ணல சார்."

"இதக் கேளுங்க, அப்புறம் சொல்லுங்க." அவர் தன் போனில் ஒரு ஒலிப்பதிவை ஓடவிட்டு மேஜையில் வைத்தார்.

முதலில் காற்று. அதற்குள் முள் ஒன்றோடொன்று உரசும் சத்தம்.

"நூத்தியெட்டு அவசர உதவி. சொல்லுங்கம்மா."

"தலைல அடிங்க. காலு அசைய மாட்டேங்குது."

"எந்த எடம்மா?"

"ஆம்பூர். பெரிய கேட்டு. ஆத்துப் பக்கம்ங்க. ஹைவே பக்கம் இல்ல. அங்க போய்ராதீங்க."

"கூட யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"ஒருத்தர் இருக்காரு. பக்கத்துலயேதான் நிக்கிறாரு. அவருக்கு எடம் நல்லாத் தெரியும்."

"அவர்கிட்ட போனக் குடுங்கம்மா."

நீளமாகக் காற்றடித்தது.

"குடுத்தேன். பேச மாட்டேங்கறாரு."

பதிவு அங்கே முடியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது. அந்த நேரம் முழுக்க, ஒலிவாங்கிக்கு மிக நெருக்கமாக, ஒரு ஆண் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. ஓடிப்போகத் தயாராக நிற்பவனின் மூச்சு.

அது தன்னுடைய மூச்சுதான் என்று கோபிநாத்துக்குத் தெரிந்தது.

"யாரு சார் இந்தம்மா? உங்க வூட்டம்மாவா?"

"இல்ல சார். யாருன்னு தெரியாது."

வாஹித் பாஷா அவன் முகத்தைப் பார்த்தார். "ஏன் சார் இப்படி வேர்க்குது? பேஜார் ஆவாதீங்க. சிம்முல எவனாச்சும் கோல்மால் பண்றானான்னு பாக்கச் சொல்றேன்."

கிளம்ப எழுந்தவன் தயங்கி நின்றான். "சார், ஒரு டவுட்டு. ரோட்டுல நெசமாவே அடிபட்டவங்களப் பாத்து ஒருத்தர் போன் பண்றாருன்னு வைங்க. அவர கேஸுல இழுப்பீங்களா?"

"யாரு சொன்னா? உதவி பண்றவரு பேர்கூட சொல்ல வேணாம். சாட்சிக்கு வான்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சட்டமே இருக்குது. எடத்த மட்டும் சரியா சொன்னாப் போதும் சார், வேற ஒண்ணும் வேணாம்." வாஹித் பாஷா பெருமூச்சு விட்டார். "சனங்களுக்குத்தான் இன்னும் பயம் போவல."

கோபிநாத்துக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. இங்கேயே, இந்த மேஜைக்கு முன்னாலேயே சொல்லிவிடலாம். இந்த மனிதர் அடிக்கப்போவதில்லை, திட்டக்கூட மாட்டார். பெஞ்சில் இருந்த அம்மாள் எழுந்து வந்து, "சார், நான் எவ்ளோ நேரம் குந்தியிருக்கறது?" என்றாள். வாஹித் பாஷா அவள் பக்கம் திரும்பினார்.

கோபிநாத் வெளியே வந்துவிட்டான்.

அன்று மாலை கம்பெனி விட்டதும் பைக் தானாக ஆற்றோரம் திரும்பியதா, அவன்தான் திருப்பினானா என்று அவனுக்கே தெரியவில்லை. வெளிச்சம் இன்னும் இருந்தது. ஸ்கூட்டி கிடந்த பள்ளத்தில் புல் முளைத்திருந்தது. யாரோ கட்டிய ஒரு சாமந்தி மாலை முள்ளில் காய்ந்து தொங்கியது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தான். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்தபடி நின்றான்.

காற்று சட்டென்று நின்றது.

டேனரி வாடை எழுந்தது. மதிலுக்கு உள்ளேயிருந்து வருவதாகத் தெரியவில்லை. காலடியிலிருந்து, மண்ணுக்குள்ளிருந்து வந்தது.

புதருக்குள் மெல்லிய மணியோசை. யாரோ ஒரு போனில் எண்களை அழுத்துவது போல.

பிறகு, ரொம்பத் தொலைவிலிருந்து, ஒரு கேள்வி. "ஆத்துப் பக்கமா, ஹைவே பக்கமா?"

அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

முள் விலகியது.

யாரும் வெளியே வரவில்லை. விலகிய முள் அப்படியே நின்றது, ஒரு ஆள் படுத்துக்கிடக்க வேண்டிய அகலத்துக்கு.

"சொல்லிட்டீங்களா தம்பி?"

காதோரத்தில்தான் கேட்டது. குரலில் கோபம் இல்லை. நம்பிக்கை மட்டும் இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. இல்லை என்று சொல்லவேண்டும், காலில் விழவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"சொல்லிட்டேன்க்கா. வந்துட்டே இருக்காங்க."

புதருக்குள் யாரோ நிம்மதியாக மூச்சுவிட்டார்கள்.

பைக்கை எப்படிக் கிளப்பினான், எப்படி வீடு சேர்ந்தான் என்பது அவன் நினைவில் இல்லை.

அதன்பிறகு அவன் இளைத்துப்போனான். பங்கஜத்தின் மகள் பேர் ஸ்வேதா என்று விசாரித்துத் தெரிந்துகொண்டான். ஒரு சனிக்கிழமை அவர்கள் தெருமுனை வரைக்கும் போனான். வாசலில் அந்தப் பெண் அம்மாவின் நீலக் கோட்டைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் உடுத்தாத கோட்டைத் துவைத்துக் காயவைக்கிறாளே என்று பார்த்தபடி நின்றான். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். அழைப்புகளும் அத்தோடு நின்றுபோயின. அப்படியே முடிந்துவிட்டால் போதும் என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்காகவும் கூசினான்.

ஐப்பசி மழையில் ஒரு பகல். வீட்டில் மின்சாரம் இல்லை. கோபிநாத் லீவில் இருந்தான். சாப்பிட்டுவிட்டு எழுந்த ரத்தினசாமி மார்பைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"மாமா, மாமா," என்று கவிப்ரியா அவர் கன்னத்தைத் தட்டினாள். "ஏங்க, போன் பண்ணுங்க. சீக்கிரம்."

கோபிநாத் போட்டான்.

"வணக்கம், நூத்தியெட்டு அவசர உதவி. என்ன ஆச்சு சார்?"

"அப்பாவுக்கு நெஞ்சு வலி."

"எந்த எடம் சார்?"

தெருவின் பேர் அவனுக்குத் தெரியும். பிறந்து வளர்ந்த தெரு. அதைச் சொல்ல வாயைத் திறந்தான். தொண்டைக்குள் சுண்ணாம்பு அடைத்தது போல இறுகியது. ஓசை வரவில்லை.

"சார்? எந்த எடம்? சார், லைன்ல இருக்கீங்களா?"

கவிப்ரியா அவனைப் பார்த்தாள். "சொல்லுங்க, இன்னாத்துக்கு நிக்கறீங்க?" என்றாள்.

அவனால் முடியவில்லை. போன் கையிலிருந்து நழுவி, வாசல் வழியாகப் புகுந்து தரையில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரில் விழுந்தது. திரை அணைந்தது. கவிப்ரியாவின் போனில் சார்ஜ் இல்லை. அவள் குடையை மறந்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட ஓடினாள். கோபிநாத் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பாவின் கண்கள் அவனையே பார்த்தன.

"சொல்லிட்டியாடா?" என்றார் அவர்.

அவன் அழுதான்.

கவிப்ரியா பக்கத்து வீட்டுப் படியில் நிற்கும்போதே சைரன் கேட்டது. வெளியூர்க்காரர்கள் பகலிலேயே வழிதவறும், சந்துக்குள் சந்தாகப் போகும் அந்தத் தெருவில், முழங்கால் தண்ணீரில், ஆம்புலன்ஸ் ஒரு இடத்திலும் தயங்காமல் வந்து அவர்கள் வாசலில் நின்றது. ஸ்ட்ரெச்சரோடு இறங்கிய இளைஞன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராக உள்ளே வந்து ரத்தினசாமிக்கு ஆக்ஸிஜன் வைத்தான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, "நல்லவேளை, சரியான நேரத்துக்குக் கொண்டாந்துட்டீங்க. பயமில்ல," என்றார். கவிப்ரியா கைகூப்பினாள். கோபிநாத் வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றான்.

ஆம்புலன்ஸ் இளைஞன் கையைத் துடைத்தபடி வந்தான். சட்டையில் நவீன்குமார் என்று பேர் இருந்தது. "பெரியவரு தப்பிச்சாரு சார். ஆனா உங்க வூட்டுக்கு வழி கண்டுபுடிக்கறது சாதாரணம் இல்ல. அந்தம்மா மட்டும் இல்லேன்னா சுத்திட்டே இருந்திருப்போம்."

"எந்த அம்மா?"

"போன்ல பேசினாங்களே சார். உங்க நம்பர்லருந்துதான். மசூதி தாண்டி திரும்புங்க, அங்க பள்ளம், ஓரமா வாங்கன்னு லைன்லயே இருந்து சொல்லிட்டே வந்தாங்க. தலைல அடிபட்டாப்ல ரொம்பத் தேஞ்ச குரலு. உங்களுக்கு உடம்பு சரியில்லையாம்மான்னுகூடக் கேட்டேன். அவரு மொதல்ல பேசட்டும், எனக்கு அப்புறம் பாக்கலாம்னாங்க."

நவீன்குமார் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். திரையைப் பார்த்து வியந்தான்.

"அட, இன்னும் கட் பண்ணவே இல்ல போல. லைன்லதான் இருக்காங்க. பேசுறீங்களா சார்?"

நீட்டிய போனில் கோபிநாத்தின் நம்பர் இருந்தது. அதன் கீழே வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவனுடைய போன் அவன் சட்டைப் பைக்குள், மழைத்தண்ணீர் சொட்ட, உயிரில்லாமல் கிடந்தது.

வாங்கிக் காதில் வைத்தான்.

காற்று. முள் உரசும் சத்தம். அதற்குப் பின்னால், அவசரமே இல்லாமல், ஒருவர் காத்திருக்கும் அமைதி.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் மார்பு ஏறி இறங்குவது தெரிந்தது. கவிப்ரியா ஈரத் தலையோடு இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் வராது என்று அவனுக்குத் தெரிந்தது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

"யாருங்க போன்ல?" என்று கவிப்ரியா கேட்டாள்.

"தெரியல," என்றான்.

விரல் தானாகப் போய்ச் சிவப்பு வட்டத்தை அழுத்தியது.

வினாடிகள் நிற்கவில்லை. திரும்ப அழுத்தினான். பொத்தானைப் பிடித்துப் போனையே அணைத்தான். திரை கறுத்தது.

கறுத்த திரையில் வினாடிகள் மட்டும் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தன.